ஏழு சிறு சங்கு, ஒரு நெடுஞ்சங்கு: ஆட்டிசம் குடும்பங்களின் கப்பல் பயணம் – வாசகர் கேள்வி பதில்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் சேர்ந்து கப்பல் சுற்றுலா போவது பற்றிப் போன இதழில் நாலே வரி எழுதியிருந்தோம். பக்கம் பக்கமாகக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: மகனுக்கு ஏழு வயது. நாங்கள் மூவர் மட்டும் போய்வரலாமே, குழுவோடு போவதில் அப்படி என்ன இருக்கிறது? கட்டணமும் கூடுதலாகச் சொல்கிறார்களே?

பதில்: கப்பலும் அதேதான், கேபினும் அதேதான். கூடுதலாக வாங்கும் பணம் கூட வரும் ஆட்களுக்கு. அதனால் முதலில் கேட்க வேண்டியது, ஆட்கள் வருகிறார்களா இல்லையா என்பதைத்தான். குழுப் பயணம் என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். ஒன்றில், ஏஜென்ட் பத்துப் பதினைந்து குடும்பங்களுக்குச் சேர்த்து டிக்கெட் போடுவார், அத்தோடு சரி. இன்னொன்றில் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் கப்பலிலேயே உடன் வருவார்கள். அமெரிக்காவின் ‘ஆட்டிசம் ஆன் த சீஸ்’ நடத்துவது இந்த இரண்டாம் வகை. பெரிய நிறுவனங்களின் வழக்கமான பயணங்களிலேயே இடம் பிடித்து, தன் ஆட்களையும் அனுப்புகிறது. எந்த வகையானாலும் கப்பல் முழுக்க உங்கள் குழுவுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கப்பலில் மூவாயிரம், நாலாயிரம் பேர் இருப்பார்கள். அதில் நீங்கள் ஒரு ஓரம்.

உதவியாளர்கள் செய்வது என்ன? ஏறும் நாளில் வரிசையைத் தவிர்த்துக் கூட்டிப் போவது, அவசரகாலப் பயிற்சியைப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி முடித்துத் தருவது, அரங்கில் வாசலை ஒட்டிய இருக்கைகளைப் பிடித்து வைப்பது, குழந்தைகள் விளையாட்டு அறையைப் பொதுக்கூட்டம் இல்லாத நேரத்தில் நமக்கென்று திறக்கச் செய்வது, தினமும் சில மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பெற்றோருக்கு ஓய்வு கொடுப்பது. கடைசியாகச் சொன்ன அந்தச் சில மணி நேரம்தான் நீங்கள் கொடுக்கும் பணத்தின் அசல் மதிப்பு.

முன்பணம் கட்டுமுன் இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பிள்ளைக்கு ஓர் உதவியாளர்? அவர்களின் பின்னணி சரிபார்க்கப்பட்டதா? ஓய்வு நேரம் தினசரி உண்டா, கரையில் நிற்கும் நாளிலும் உண்டா? கழிவறைக்குக் கூட்டிப் போவார்களா? மருந்து கொடுப்பார்களா? (பெரும்பாலும் மாட்டார்கள். அந்த நேரத்துக்கு நீங்கள் வந்து கொடுக்க வேண்டும்.) ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அடித்துவிட்டால் என்ன செய்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு “அப்படியெல்லாம் நடக்காது” என்று பதில் வந்தால் வேறு அமைப்பாளரைத் தேடுங்கள்.

கேள்வி: முதல் முறை. எத்தனை நாள் பயணம் நல்லது? இரண்டே இரவு போய்ப் பார்க்கலாமா?

பதில்: குட்டிப் பயணம் என்றால் சுலபமாக இருக்கும் என்று தோன்றும். நடைமுறையில் நேர்மாறு. வெள்ளிக்கிழமை கிளம்பித் திங்களன்று திரும்பும் பயணங்களில் வருகிறவர்கள் கொண்டாட வருகிறவர்கள். நள்ளிரவு தாண்டியும் மேல்தளத்தில் பாட்டு ஓயாது. போதாக்குறைக்கு, பல பிள்ளைகளுக்குப் புது இடம் பழகவே முதல் இரண்டு நாள் பிடிக்கும். பழகி முடித்த அன்று மூட்டை கட்டச் சொன்னால் எப்படி? வாரநாளில் கிளம்பும் நான்கு அல்லது ஐந்து இரவுப் பயணம்தான் எங்கள் சிபாரிசு. பள்ளி விடுமுறைக் காலம் வேண்டாம். லிஃப்டில் இடம் கிடைக்காமல் நிற்பதே ஒரு தனி வேதனையாகிவிடும்.

துறைமுகப் பட்டியலையும் பாருங்கள். சில ஊர்களில் கப்பல் கரையோடு அணைந்து நிற்காது. கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களை ஏற்றி இறக்குவார்கள். அதற்கு ‘டெண்டர்’ என்று பெயர். டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும், ஆடும் படகில் அடுத்தவர் தோளில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும், திரும்பும்போதும் அதே கதை. டெண்டர் இல்லாத பாதையாகத் தேர்ந்தெடுத்தால் பாதித் தலைவலி போகும்.

இன்னொரு சூட்சுமம். கப்பல் கரையில் நிற்கும் நாளில் முக்கால்வாசிப் பேர் ஊர் பார்க்க இறங்கிவிடுவார்கள். நீச்சல் குளம், சறுக்கு, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு வரை காலியாகக் கிடக்கும். உங்கள் பிள்ளைக்கு அதுதான் கப்பலின் நல்ல நாள். “காசு கொடுத்து வந்துவிட்டு ஊரைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதா” என்று குறைப்பட வேண்டாம். பெற்றோரில் ஒருவர் இறங்கிச் சுற்றட்டும், ஒருவர் குளத்தடியில் இருக்கட்டும். அடுத்த ஊரில் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: எந்தக் கேபின் எடுப்பது? பால்கனி வைத்தது ஆபத்தா? மகள் சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்வாள்.

பதில்: விலைப்பட்டியலைப் பார்க்குமுன் கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து வையுங்கள். உங்கள் கேபினுக்கு மேலும் கீழும் கேபின்களே இருக்கிற தளமாகப் பாருங்கள். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். அரங்கத்துக்கும் இரவு விடுதிக்கும் மேலே எடுத்தால் அதிர்வு தரை வழியாக ஏறும். முன்பக்கம் கீழ்த்தளத்தில் நங்கூரச் சங்கிலி இறங்கும் இரைச்சலும், கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகளின் உறுமலும் துறைமுகம் வந்தாலே கேட்கும். லிஃப்ட் பக்கம் வேண்டாம், ஆனால் வெகு தூரமும் வேண்டாம். நடுக்கப்பல், கீழ் அல்லது நடுத்தளம் என்றால் ஆட்டமும் குறைவு.

ஜன்னல் இல்லாத உள்கேபினை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. வெளிச்சம் பட்டால் எழுந்துவிடும் பிள்ளைக்கு அது வரம். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்கு அதுவே சிறை. வீட்டில் எப்படித் தூங்குகிறாள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பால்கனியைப் பற்றி. அமெரிக்கத் துறைமுகங்களில் ஆள் ஏற்றும் பெரிய கப்பல்களுக்கு, அந்நாட்டின் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைப்பிடிச்சுவர் குறைந்தது 42 அங்குலம், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் பிள்ளைக்கு அது போதும். பால்கனியில் கிடக்கும் நாற்காலியில் ஏறி நிற்கிற பிள்ளைக்குப் போதாது. ஆகவே ஏறும் பழக்கம் உண்டென்றால் பால்கனியே வேண்டாம், திறக்க முடியாத ஜன்னல் கேபின் போதும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதல் வேலையாக நாற்காலி மேசைகளை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். கதவில் மேலே கூடுதல் தாழ் இருக்கிறதா என்று கேபின் பணியாளரைக் கேளுங்கள்.

இரண்டு கதவிலும் நீங்களே பொருத்திக்கொள்ள, பேட்டரியில் ஓடும் காந்தக் கதவு அலாரம் கொண்டு போங்கள். கதவு திறந்தவுடன் கத்தும். உரத்த சத்தம் ஆகாத பிள்ளை என்றால் கத்தாமல் மணியடிக்கும் வகையாக வாங்குங்கள். கேபின் சுவர் பெரும்பாலும் எஃகுத் தகடு, அதனால் காந்தம் ஒட்டும். பட அட்டவணை, அன்றைய நாளின் அட்டைகள் எல்லாவற்றையும் காந்தக் கொக்கியில் கண்ணுக்கு நேரே மாட்டிவிடலாம். எக்ஸ்டென்ஷன் வயரும், கெட்டிலும், அயர்ன் பாக்ஸும் வேண்டாம். பெட்டிச் சோதனையிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஏறியதும் ஏதோ அபாயப் பயிற்சி, சங்கு ஊதுவார்கள் என்கிறார்கள். சங்குச் சத்தம் என்றால் எங்கள் மகன் தரையில் விழுந்து தலையை மோதிக்கொள்வான். அதைத் தவிர்க்க முடியுமா?

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் அதை மாற்றி அமைக்கலாம்.

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அப்போது இருந்த விதி, ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்பது. அன்று மாலைதான் ஏறிய பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. பிறகு சர்வதேச விதி மாறியது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்புமுன்னோ கிளம்பிய கையோடோ எல்லோருக்கும் பயிற்சி முடிந்தாக வேண்டும். பயிற்சிக்கு வராதவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிடவும் அதிகாரம் உண்டு.

2020-க்குப் பிறகு பல நிறுவனங்கள் முறையைத் தளர்த்தின. விளக்கப் படத்தைப் போனிலோ கேபின் டிவியிலோ பார்த்துவிட்டு, பிறகு உங்கள் கூடுமிடத்துக்கு (அபாயம் வந்தால் நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம்) நடந்து போய்ப் பதிவு செய்துகொண்டால் முடிந்தது. வேறு சில கப்பல்களில் இன்னமும் நூறு இருநூறு பேரை ஒன்றாக நிறுத்துகிறார்கள். உங்கள் கப்பல் எந்த ரகம் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். நிறுத்துகிற ரகம் என்றால், தனி அறையில் செய்து கொடுக்கும்படி குழு அமைப்பாளர் மூலம் முன்கூட்டி எழுதி அனுப்புங்கள். ஏறின பிறகு கவுன்டரில் போய்க் கேட்டால் நடக்காது.

எந்த ரகமானாலும் சங்கு ஒருமுறை ஊதியே தீரும். ஏழு சிறு சங்கு, ஒரு நெடுஞ்சங்கு. அதே சத்தம் கேபின் ஒலிபெருக்கியிலும் வரும். நேரம் அன்றைய நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கும். அதற்குப் பத்து நிமிடம் முன்பே கேபினுக்குள் போய், காதுறையை மாட்டிவிடுங்கள். ஹெட்ஃபோன் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘நாய்ஸ் கேன்சலிங்’ என்று விற்பது எஞ்சினின் ஒரே சீரான உறுமலைத்தான் நன்றாக அமுக்கும். திடீரென்று வெடிக்கும் சங்குக்கு, தொழிற்சாலையில் மாட்டுகிற சாதாரணக் கனத்த காதுறையே மேல். இரண்டும் பையில் இருக்கட்டும்.

வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள், பயணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பு தொடங்கி. கப்பல் சங்கின் ஒலிப்பதிவை, முதலில் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில், தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். “ஒன்று, இரண்டு...” என்று விரல் மடக்கி எண்ணுங்கள். ஏழு விரல் மடங்கியதும் நீளமாக ஒன்று, பிறகு முடிந்தது. சத்தத்தின் அளவைவிட, எப்போது முடியும் என்று தெரியாததுதான் பல பிள்ளைகளைப் பதற வைக்கிறது. எண்ணத் தெரிந்த பிள்ளை எட்டாவது சங்குக்குக் காத்திருக்கும், அலறாது. ஒலி அளவைக் கூட்டுவது பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான். நாட்காட்டியைப் பார்த்து அல்ல.

உயிர்காப்பு அங்கியையும் ஏறிய அன்றே போட்டுப் பாருங்கள். சர்வதேச விதிப்படி 15 கிலோவுக்குக் கீழ் சிசு அளவு, 15 முதல் 43 கிலோவுக்குள் சிறுவர் அளவு, அதற்கு மேல் பெரியவர் அளவு. வயதைச் சொல்லி வாங்காதீர்கள், எடையைச் சொல்லுங்கள். பத்து வயதில் 45 கிலோ இருக்கும் பிள்ளைக்குப் பெரியவர் அங்கிதான். முரட்டு நுரையும், கால்களுக்கு இடையே வரும் பட்டையும் பிடிக்காமல் போகலாம். ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டை போட்டு அதன்மேல் மாட்டினால் சிலர் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மூடுபனி வந்தாலும் சங்கு உண்டு என்பதையும் சொல்லி வைக்கிறோம். பார்வை தெரியாத கடலில் ஓடும் கப்பல், இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நெடுஞ்சங்கு ஊத வேண்டும், விடிய விடிய ஆனாலும். முன்பக்க மேல்தளக் கேபின்களில்தான் அது உறக்கத்தைக் கெடுக்கும். நடுக்கப்பல் கீழ்த்தளம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஐந்து வயது மகள் தண்ணீரைக் கண்டால் ஓடிவிடுவாள். பேச்சும் இல்லை. கூட்டத்தில் தொலைந்தால்? ஜிபிஎஸ் மாட்டிவிட்டால் போதுமா?

பதில்: ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். கப்பல் ஓர் எஃகுப் பெட்டி. உள்ளே செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாது, எட்டினாலும் எந்தத் தளம் என்று காட்டாது. சாவிக்கொத்தில் மாட்டுகிற புளூடூத் வில்லைகளும் பக்கத்தில் இணையம் உள்ள போன்கள் இருந்தால்தான் இடத்தைச் சொல்லும். உபரியாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பி இருக்கக் கூடாது.

வேலைக்கு ஆகிற வழிகள் பழைய வழிகள்தான். தினமும் காலையில் கேபின் வாசலில் நிறுத்தி, தலையிலிருந்து கால் வரை தெரிய ஒரு போட்டோ எடுங்கள். “என்ன உடை போட்டிருந்தாள்” என்று பதற்றத்தில் கேட்டால் பெற்ற தாய்க்கும் நினைவு வராது. கண்ணைப் பறிக்கும் ஒரே நிறச் சட்டைகளாக எடுத்துப் போவது இன்னும் நல்லது. பல கப்பல்களில் குழந்தைகளுக்குக் கூடுமிட எழுத்து அச்சிட்ட கைப்பட்டை தருவார்கள், கேட்டு வாங்குங்கள். அதோடு “பேச மாட்டேன். பெற்றோரை அழைக்கவும்” என்ற வரி இருக்கட்டும். கேபின் எண்ணை வெளியே தெரிய எழுத வேண்டாம். சூரியகாந்திப் படம் போட்ட பச்சை நிறக் கழுத்துப்பட்டை 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் என்பதற்கு அது அடையாளம். உங்கள் கப்பல் பணியாளர்களுக்கு அது தெரியுமா என்று கேட்டுவிட்டு அணிவியுங்கள்.

காணோம் என்றால் முதல் ஐந்து நிமிடம் நீங்களே தேடிக்கொண்டு ஓடாதீர்கள். பக்கத்தில் உள்ள பணியாளரிடம் போட்டோவைக் காட்டி, “தண்ணீர் இருக்கும் இடங்களை முதலில்” என்று சொல்லுங்கள். குளம், ஜக்கூசி, நீர் விளையாட்டுத் தளம், பிறகு படிக்கட்டுகள். பெற்றோரில் ஒருவர் கேபினில் இருக்க வேண்டும், சில பிள்ளைகள் தாங்களே திரும்பி வந்துவிடும். அதற்காகவே கதவில் பெரிய படம் ஒன்றைக் காந்தத்தால் ஒட்டுங்கள். தாழ்வாரத்தில் நூறு கதவும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்கும், பெரியவர்களே தடுமாறுவார்கள். சில கப்பல்களில் கம்பளத்தில் நெய்த மீன்கள் எல்லாம் கப்பலின் முன்பக்கம் பார்த்தே நீந்தும். “மீன் போகிற பக்கம் நம் அறை” என்று பழக்கிவிட்டால் பிடித்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு.

குளத்தில் உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் கிடையாது. பிள்ளையின் அளவு மிதவை அங்கியை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். டயப்பர் போடும் பிள்ளைகளை, நீச்சல் டயப்பரானாலும், பொதுக்குளத்தில் பெரும்பாலும் இறக்கவிட மாட்டார்கள். அவர்களையும் அனுமதிக்கும், மேலே தண்ணீர் தெளிக்கும் குழந்தைகள் பகுதி சில கப்பல்களில் மட்டும் உண்டு. தண்ணீர்ப் பித்துள்ள பிள்ளைக்கு ஏறிய பிறகு இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒன்பது வயது. கழிவறைப் பயிற்சி ஆகிவிட்டது. ஆனால் விமானக் கழிவறையில் ஃப்ளஷ் சத்தம் கேட்டதிலிருந்து வெளியூரில் போக மறுக்கிறான்.

பதில்: கப்பலிலும் அதே உறிஞ்சு கழிவறைதான், தண்ணீர் கொட்டாது, காற்று ‘ஷ்ர்ர்ப்’ என்று உறிஞ்சும். பிள்ளை எழுந்து, கை கழுவி, வெளியே போன பிறகு மூடியை மூடி நீங்கள் அழுத்துங்கள். “அழுத்துவது அம்மா வேலை” என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். குளியலிலும் ஒரு தொல்லை உண்டு. பல கேபின்களில் ஷவர் இடம் மிகக் குறுகல், துணித்திரை ஈரத்தோடு உடம்பில் வந்து ஒட்டும். தொடு உணர்வு கூடுதலான பிள்ளை அதற்கே குளிக்க மறுக்கும். திரையின் அடியில் இரண்டு மூன்று காந்தத்தைப் போட்டுச் சுவரோடு நிறுத்திப் பாருங்கள், அல்லது கண்ணாடிக் கதவு உள்ள கேபினாகக் கேளுங்கள்.

கேள்வி: மூன்றே மூன்று பண்டம்தான் சாப்பிடுவான். கப்பலில் என்ன செய்வது?

பதில்: பணியாளர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் அதே பண்டம், அதே தட்டில், ஐந்து நாளும் வரும். பெரிய சாப்பாட்டுக்கூடத்தில் ஒரே மேசை, ஒரே பரிமாறுகிறவர் என்று அமைத்துக்கொண்டால் இரண்டாம் நாளிலிருந்து நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம். உட்கார்ந்தவுடன் பிள்ளையின் சாப்பாடு மட்டும் முதலில் வரட்டும். சூடு, நிறம், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் வைப்பது, எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஆனால் ஒரே பிராண்டு பிஸ்கட் என்று பிடிவாதம் உள்ள பிள்ளைக்குக் கப்பல் சமையலறை உதவாது. பிரிக்காத பாக்கெட்டாக நீங்களே எடுத்துப் போங்கள். வீட்டில் சமைத்ததை அனுமதிப்பதில்லை. பஃபே கூடத்தில் கூட்டம் நெரியும் வேளைகளான காலை ஒன்பதரை மணிக்கும் மதியம் பன்னிரண்டரை மணிக்கும் கால் வைக்காதீர்கள்.

கேள்வி: வாந்தி, தலைசுற்றல் வந்தால் அவனுக்குச் சொல்லத் தெரியாதே. மருந்து முன்கூட்டியே கொடுத்துவிடலாமா?

பதில்: சொல்லத் தெரியாத பிள்ளையிடம் பார்க்க வேண்டியவை: அடிக்கடி கொட்டாவி, உதடு வெளுப்பது, நெற்றியில் குளிர் வியர்வை, பிடித்த சாப்பாட்டைத் தள்ளுவது, தலையைத் தலையணையில் அழுத்திக்கொள்வது. கண்டதும் திறந்த தளத்துக்குக் கூட்டிப் போய்த் தொடுவானம் தெரிய உட்கார வையுங்கள். கையில் டேப்லெட் வேண்டாம், திரையைப் பார்க்கப் பார்க்கக் கூடும்.

கடல் குமட்டல் மாத்திரைகள் பெரும்பாலும் ஒவ்வாமை மருந்து இனத்தைச் சேர்ந்தவை. தூக்கம் வரும் என்று போட்டிருக்கும், ஆனால் சில குழந்தைகளுக்கு நேர்மாறாக முறுக்கேற்றி இரவெல்லாம் குதிக்க வைக்கும். ஏற்கெனவே மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் அதோடு சேருமா என்பது மருத்துவர் முடிவு. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை குழந்தைகளுக்கானது அல்ல. மருத்துவர் சம்மதித்தால், வீட்டில் ஒரு விடுமுறை நாளில் கொடுத்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். நடுக்கடலில் முதல் சோதனை வேண்டாம்.

தினசரி மருந்தெல்லாம் அதன் சொந்த அட்டைப்பெட்டியில், கைப்பையில். ஏறும்போது ஒப்படைக்கும் பெட்டி கேபினுக்கு வர மாலையாகலாம். பயண நாளோடு இன்னும் ஐந்து நாளுக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் குறைபாட்டுக்கான (ADHD) மெத்தில்ஃபெனிடேட் போன்றவை பல நாடுகளில் கட்டுப்பாட்டு மருந்து. தூக்கத்துக்கான மெலடோனின் சில நாடுகளில் சீட்டு இல்லாமல் கிடைக்காது. இறங்கப் போகும் ஒவ்வொரு நாட்டுக்கும் விதி பார்த்து, மருத்துவர் கடிதமும் வைத்திருங்கள். கப்பல் மருத்துவமனை காய்ச்சலுக்கும் காயத்துக்கும் உதவும், கட்டணம் உண்டு. ஆட்டிசத்தை மறைக்காமல் சொல்லி எடுத்த காப்பீடும், அவசரமாகக் கரைக்குக் கொண்டு போகும் செலவு அதில் அடக்கமா என்பதும் முக்கியம். மறைத்து எடுத்த காப்பீடு, தேவைப்படும் அன்று கைவிரித்துவிடும்.

கேள்வி: எங்கள் பிள்ளை சதா சத்தமாக ஓசை எழுப்புவான். குழுவில் எல்லோரும் ஆட்டிசம் குடும்பங்கள்தானே, புரிந்துகொள்வார்கள் அல்லவா?

பதில்: பெற்றோர் புரிந்துகொள்வார்கள். பிள்ளைகள் அப்படி இல்லை. ஒருவன் ஓசை எழுப்பினால்தான் அமைதியடைவான், இன்னொருவனுக்கு அந்த ஓசைதான் நரகம். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டு “எல்லாம் நம்ம பிள்ளைகள்” என்று சொல்வதுதான் புது அமைப்பாளர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு. பதிவுப் படிவத்திலேயே உங்கள் பிள்ளை எழுப்பும் ஓசையையும், தாங்காத ஓசையையும் இரண்டு வரியாக எழுதிக் கொடுங்கள். நல்ல அமைப்பாளர் அதை வைத்து மேசைகளை எதிர் எதிர் மூலையில் போடுவார், விளையாட்டு நேரத்தை இரண்டு தவணையாகப் பிரிப்பார். குழு நிகழ்ச்சி எதற்கும் போகாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. அவனுக்குக் குழுவில் இடம் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் பெரியவர்களுக்கென்று தனி நிகழ்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். கப்பலின் குழந்தைகள் கிளப் 17 வயதோடு முடிந்துவிடும், வளர்ச்சி எவ்வளவு என்றாலும் வயது வந்தவரை அங்கே சேர்க்க மாட்டார்கள். குழு நடத்துகிறவர்களின் ஓய்வு நேரமும் சில இடங்களில் சிறுவர்களுக்கு மட்டும். அவரோடு கழிவறைக்குள் போக வேண்டியிருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான தனிக்கழிவறை எந்தத் தளத்தில் என்று முதல் நாளே குறித்து வையுங்கள். கேபினும் சக்கர நாற்காலிக்கான அகலக் கேபினாகக் கிடைத்தால் நல்லது. அவை எண்ணிக்கையில் குறைவு, தேவையை நிரூபிக்கப் படிவம் கேட்பார்கள், அதனால் முந்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் நன்றாகப் போய், இறங்கும் நாளில் ரகளை ஆகிவிட்டது என்று ஒரு தோழி சொன்னார். ஏன் அப்படி?

பதில்: எல்லோரும் போகிற நாளுக்குத் தயார் செய்கிறார்கள், திரும்புகிற நாளுக்குச் செய்வதில்லை. கடைசி இரவு பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், பணியாளர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். பிள்ளையின் கண்ணில் என்ன படுகிறது? ஐந்து நாளாகப் பழகிய அறையில் பொருள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. விடிந்தால் எட்டு மணி சுமாருக்கு அறையைக் காலி செய்யச் சொல்லி, நூறு பேர் பெட்டியோடு நிற்கும் கூடத்தில் உட்கார வைக்கிறார்கள். ரகளை வராமல் என்ன செய்யும்?

பெட்டியை வெளியே வைக்காதீர்கள். அவரவர் சுமையை அவரவரே தூக்கிக்கொண்டு முதலில் இறங்கும் வழி பெரும்பாலான கப்பல்களில் உண்டு, முந்தின நாள் மாலைக்குள் பதிய வேண்டும். அதற்காகவே குறைவாகக் கட்டுங்கள். குழுவோடு போனால் தனிக் கூடத்தில் காத்திருக்க வைத்துக் கடைசியில் இறக்கச் சொல்லியும் கேட்கலாம். பட அட்டவணையில் முதல் நாளிலிருந்தே கடைசி அட்டை வீட்டின் படமாக இருக்கட்டும். தினம் ஒரு அட்டையைக் கழற்றி, மிச்சம் எத்தனை என்று எண்ணிக் காட்டுங்கள். போர்வை, காதுறை, பிடித்த பொம்மை மூன்றும் கடைசி நிமிடம் வரை பெட்டிக்குள் போகக் கூடாது. வீடு வந்த பிறகு ஓரிரு நாள் தரை ஆடுவது போல் இருக்கும், தள்ளாடி நடப்பான், படுக்க மறுப்பான். பள்ளிக்கு அடுத்த நாளே அனுப்பாமல் இரண்டு நாள் கூடுதலாக விடுப்பு எழுதி வையுங்கள்.